குளத்தடிப் பாதைக்கு எந்த நிறம்?

கேள்வி: பிரான்ஸில் இருக்கும் என் மைத்துனர், அங்கே காட்டு நடைபாதைகளில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு தீட்டியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார். காட்டோரமாகக் குளத்துக்குப் போகும் எங்கள் ஒற்றையடிப் பாதைக்கும் அதையே தீட்ட எங்கள் விளையாட்டுக் கழகம் எண்ணியுள்ளது. உலகம் முழுவதற்கும் இந்த ஒரே குறியை வைத்தால் என்ன?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: பெயின்ற் இன்னும் வாங்கவில்லை என்று நம்புகிறேன்.

பிரான்ஸில் வெள்ளைக் கோட்டின் கீழே சிவப்புக் கோடு இருந்தால் அது நெடுந்தூரப் பாதை. தனி மஞ்சள் உள்ளூர்ப் பாதை. வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டால், இது வழியல்ல என்று பொருள். அங்கே நிறம் பாதையின் வகையைச் சொல்கிறது. எல்லை தாண்டிச் சுவிற்சர்லாந்துக்குள் நுழைந்ததும் நிறம் பாதையின் கடுமையைச் சொல்லத் தொடங்கிவிடும்: மஞ்சள் சாதாரண நடைபாதை, நடுவில் சிவப்புள்ள வெள்ளைக் கோடுகள் கால் பிசகக்கூடாத மலைவழி, நடுவில் நீலமென்றால் பாறையேற்றம் பழகியவர்களுக்கு மட்டும். 1889 முதல் பாதைகளுக்குக் குறியிட்டுவரும் செக் நாட்டிலும் இதே வெள்ளை-சிவப்பு-வெள்ளை உண்டு. ஆனால் அதற்கும் கடுமைக்கும் தொடர்பில்லை. ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரை வழியில் மஞ்சள் அம்புக்குறி. 1984 இல் அதைத் தீட்டத் தொடங்கியவர் ஒரு கிராமத்துப் பங்குத்தந்தை. மரமில்லாத நோர்வே மலைகளில் கல்லின்மேல் சிவப்பில் ஆங்கில 'T' எழுத்து. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையிலோ ஏறத்தாழ 3,500 கிலோமீற்றருக்கும் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரமுள்ள வெள்ளைப் பட்டைதான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தெரிந்தால் திருப்பம் வருகிறது என்று கொள்ள வேண்டும். அந்தந்த நிலமும் அங்கு நடப்பவரும் தீர்மானித்த குறிகள் இவை. (கதிர்காம யாத்திரைக்காரர் கோடில்லாமலே போகிறார்களே என்று கேட்காதீர்கள்; அவர்களுக்கு முன்னால் வழி தெரிந்தவர் நடக்கிறார்.)

இனி உங்கள் காட்டுக்கு வருவோம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையில் 'மிதிவெடி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் உங்களுடையது. கல்லுக்குப் பெயின்ற் அடித்தால் சிவப்பு அபாயப் பக்கம், வெள்ளை பாதுகாப்பான பக்கம் என்பது வெடி அகற்றுவோரின் பன்னாட்டு வழமை. சிவப்பைக் கண்டால் நில் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே சிவப்பைப் பின்தொடர்ந்து குளத்துக்குப் போ என்று நீங்களே சொல்லப் போகிறீர்களா? அதைவிட ஆபத்தானது இதன் மறுபக்கம்: பிரான்ஸில் கண் பழகிய உங்கள் மைத்துனர் விடுமுறைக்கு வந்து, வெடி அகற்றுவோர் நட்ட தடியொன்றில் சிவப்பைக் கண்டு, பாதை இதுதான் என்று உள்ளே இறங்கிவிடலாம்.

ஆகவே வெள்ளை-சிவப்பைக் கைவிடுங்கள். வெடி அகற்றும் குழுவினர் வேறு எந்த நிறங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரித்து அவற்றையும் தவிருங்கள். வனத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுங்கள். பாலையையோ முதிரையையோ கத்தியால் செதுக்காமல் மரப்பட்டையின்மேல் மட்டும் தீட்டுங்கள். ஒரு குறியில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். திரும்பி வருபவருக்கும் தெரியும்படி மரத்தின் இரு பக்கமும் இட வேண்டும். ஒவ்வொரு மாரி முடிந்ததும் அவற்றைப் புதுப்பிக்கப் போவது யார் என்று கழகக் கூட்டத்தில் பெயர் குறித்த பின்பே முதல் கோட்டைத் தீட்டுங்கள்.