டிட்டிகாக்கா தீவுகளுக்குப் போகலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆகஸ்டில் மனைவி, மகளுடன் பெரு போகிறேன். குஸ்கோ, மச்சு பிச்சு முடித்துவிட்டு பூனோ ஊரிலிருந்து டிட்டிகாக்கா ஏரித் தீவுகளுக்கும் போவதாகத் திட்டம். ஆனால் இணையத்தில் படிக்கப் படிக்கத் தயக்கம் வருகிறது. உரோஸ் மிதக்கும் தீவுகள் முழுக்கச் சுற்றுலாவுக்கான நாடகம், அங்கே பாட்டுப் பாடி வரவேற்கும் பெண்கள் சாயந்திரமானால் பூனோவில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பத்தாவது படிக்கும் என் மகளோ, “நம்ம வீட்டுக்கு இருபது பேர் வந்து அடுப்படியை எட்டிப் பார்த்து போட்டோ எடுத்தா சும்மா இருப்பீங்களாப்பா?” என்று கேட்டுவிட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போவது சரியா?

ர., கோவை

அன்புள்ள ர.,

போய் வாருங்கள். மகளையும் அந்தக் கேள்வியோடு கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அவள் கேட்டதுதான். இணையத்தில் மற்றவர்கள் எழுதியதை ஒதுக்கி வைத்துவிடலாம்.

வீட்டுக்காரர் கூப்பிட்டாரா, எத்தனை பேர் வரலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள், வருகிற காசு யார் கைக்குப் போகிறது? இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்தால் போதும். அந்தமானில் ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகும் சாலையில் கார் கண்ணாடியை இறக்கிப் படம் எடுப்பவர்களை அந்த மக்கள் கூப்பிடவில்லை. அது சட்டப்படியே குற்றம். டிட்டிகாக்காவில் நிலைமை வேறு. அங்கே கதவைத் திறந்தவர்கள் தீவுக்காரர்களே. திறந்த கதவின் சாவி அவர்கள் கையிலேயே இருக்கிறதா என்பதில்தான் சிக்கல்.

முதலில் உரோஸ். ஏரியின் கரையோர ஆழமற்ற நீரில் தோத்தோரா என்ற கோரை ஆளுயரத்துக்கு மேல் வளர்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது அதன் வேர்த்திட்டுகள் அடியிலிருந்து பெயர்ந்து மேலே மிதக்கும். அவற்றை நீண்ட ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, ஒவ்வொன்றிலும் கம்பு செருகி, கயிற்றால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுகிறார்கள். நாளாக ஆக வேர்கள் பின்னிக்கொண்டு ஒரே தரையாகிவிடும். அதன்மேல் அறுத்த கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினால் தீவு தயார். காற்றில் நகர்ந்துவிடாதபடி ஏரியின் அடித்தரையில் யூகலிப்டஸ் கம்புகளை ஊன்றிக் கட்டி நிறுத்துகிறார்கள். அடியில் கோரை அழுகிக்கொண்டே இருக்கும், மேலே புதுக்கோரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலை ஓய்வதே இல்லை. கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கும், பக்கத்தில் படகு போனால் தரை லேசாக ஏறி இறங்கும். குடும்பங்களுக்குள் தீராத சண்டை வந்தால் அதே ரம்பத்தை எடுத்துத் தீவையே இரண்டாக அறுத்துப் பிரிந்துகொள்வோம் என்று அவர்களே சொல்வார்கள்.

இதை நாடகம் என்பது எனக்கு ஒப்பவில்லை. பூனோவில் வீடு வைத்திருப்பவர்கள் உண்டு, சில தீவுகள் வருகிறவர்களுக்காகவே கட்டப்பட்டவை என்பதும் உண்மை. அதனால் என்ன? 1986இல் அடித்த பெரும்புயலில் பல தீவுகள் சிதைந்தபோது, முன்பு ஏரிக்குள் தள்ளி இருந்த பலர் பூனோவுக்குப் பக்கமாக வந்து மறுபடி கட்டிக்கொண்டார்கள். கரை பக்கமாக இருந்தால் பாதுகாப்பு, பிழைப்பும் நடக்கும். சூரியத் தகடு வைத்திருக்கிறார்கள், மிதக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது, பெரிய கோரைப் படகுகளின் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் பாட்டில்களை அடைத்து அவை சீக்கிரம் ஊறிப்போகாதபடி செய்கிறார்கள். அந்தப் பாட்டிலைப் பார்த்து ஏமாந்துபோனதாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அழுகும் பொருளை வைத்தே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அழுகாத ஒன்று கையில் கிடைத்தால் பயன்படுத்தாமல் விடுவார்களா? இவர்கள் உரு என்ற இனத்தவர். அவர்களுடைய பழைய மொழி பூனோ பக்கத்தில் மறைந்துவிட்டது, இன்று அவர்கள் பேசுவது அய்மாரா. அக்கம்பக்கத்து மக்களும் ஸ்பானிய ஆட்சியும் மிகத் தாழ்வாக நடத்திய கூட்டம் அது. கோரைக்காட்டில் ஒதுங்கி மீன் பிடித்தும் பறவை பிடித்தும் பிழைத்தவர்கள், இன்று தங்கள் கைவேலையைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். அதில் போலி ஒன்றும் இல்லை.

தக்கீலே வேறு கதை. மண்ணும் பாறையுமான உண்மையான தீவு, மக்கள் கெச்சுவா பேசுகிறவர்கள். ஒரு காலத்தில் பண்ணையார்களிடம் இருந்த நிலத்தைச் சிறுகச் சிறுக விலைகொடுத்துத் தாங்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1970களில் வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியபோது அதையும் ஊராகவே நடத்தினார்கள். படகு அவர்களுடையது. வந்தவர் எந்த வீட்டில் தங்குவது என்பது முறைப்படி நடக்கும். துணிகள் ஊர்க் கடையில் ஒரே விலையில் விற்கும். அப்புறம் 1990களில் அரசாங்கத்தின் தாராளமயக் கொள்கை வந்தது. ஒருவருக்கு மட்டும் உரிமை கூடாது என்ற பெயரில் பூனோவின் தனியார் படகுகளுக்கும் வழி திறந்துவிட்டார்கள். தங்கள் ஏரியில் தங்கள் தீவுக்கு ஆள் ஏற்றும் வேலையில் பெரும்பங்கு அவர்கள் கையைவிட்டுப் போனது. இன்று பெரும்பாலானவர்கள் தனியார் படகில் வருகிறார்கள், படியேறி மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உங்கள் மகளின் கேள்விக்கு, “ஆமாம், சும்மா இருக்க மாட்டோம்” என்று பதில் சொல்லவேண்டிய இடமும் இதுதான்.

அங்கே இடைவார் நெசவு பெண்களுடையது, குல்லாய்ப் பின்னல் ஆண்களுடையது. பையன்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். நூலைக் கழுத்தைச் சுற்றி விட்டு, மெல்லிய ஊசிகளில் கண்ணைக்கூடக் கீழே இறக்காமல், நடந்துகொண்டே, பேசிக்கொண்டே குல்லாய் பின்னுவார்கள். முழுக்கச் சிவந்த குல்லாய் கல்யாணமானவருக்கு, நுனி வெள்ளையாக இருந்தால் பிரம்மச்சாரி. பின்னல் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க, பெண்ணின் அப்பா மாப்பிள்ளையாக வருகிறவனின் குல்லாயில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார் என்று சொல்கிறார்கள். பெண்கள் நெய்யும் அகலமான இடைவாரில் வருடத்தின் விவசாயச் சுற்று சின்னச் சின்ன உருவங்களாக இருக்கும். யுனெஸ்கோ இந்தத் துணிக்கலையை 2005இல் அறிவித்து, 2008இல் பட்டியலில் சேர்த்தது. வாங்கினால் அங்கேயே, கேட்ட விலைக்கு வாங்குங்கள். பேரம் வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது இது: பூனோ துறையில் காலையில் தீவுக்காரர்களே நடத்தும் படகு இருக்கும், அதில் சீட்டு வாங்குங்கள். ஒரு ராத்திரியாவது அதே ஏரியிலுள்ள இன்னொரு தீவான அமந்தானியில் தங்குங்கள். அங்கே ஓட்டல் தேவையில்லை, குடும்பங்கள் முறைவைத்து விருந்தாளிகளை ஏற்கின்றன. கினோவா சூப், உருளைக்கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டி, முன்யா இலை போட்ட சுடுநீர் கிடைக்கும். அரிசி, எண்ணெய், சர்க்கரை, பழம் என்று ஏதாவது வாங்கிக்கொண்டு போய் வீட்டு அம்மாவிடம் கொடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்க வேண்டாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். அடுப்படிக்குள் அவர்களே கூப்பிட்டால் உருளைக்கிழங்கு உரிக்க உட்காரச் சொல்லுங்கள் உங்கள் மகளை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘உண்மையானதா, போலியா’ என்று பயணிகள் விவாதித்துக்கொண்டிருக்க, அந்தத் தண்ணீரே ஆபத்தில் இருக்கிறது. பூனோவின் சாக்கடை அதே விரிகுடாவில்தான் கலக்கிறது. 2023 வறட்சியில் ஏரி மிகவும் இறங்கி, கோரை காய்ந்தது, படகுகள் சேற்றில் நின்றன. பொலிவியாவில் இதே நீர்த்தொடரின் கீழ்க்கோடியில் இருந்த போபோ ஏரி 2015இல் வற்றியே போனது. அதை நம்பி மீன் பிடித்த உரு மக்கள் பிழைப்பைத் தேடி வேறு வேலைகளுக்குப் போகவேண்டியதாயிற்று. உரோஸ் தீவில் உட்காரும்போது பாட்டைப் பற்றிக் கேட்பதைவிடத் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். நிறைய சொல்வார்கள்.

ஏரியே 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அமந்தானி உச்சி அதற்கும் மேலே. குஸ்கோவில் சில நாள் இருந்துவிட்டு வருவதால் உடம்பு ஓரளவு பழகியிருக்கும், ஆனாலும் படியேறும்போது அவசரம் வேண்டாம். ஆகஸ்டில் ராத்திரி உறைகுளிர். கம்பளியும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். பெருவின் பணமான சோல் நோட்டுகளைச் சில்லறையாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், தீவில் பெரிய நோட்டை மாற்றுவது கஷ்டம்.