ஐந்து துளை போதாது, தம்பி
(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில், காற்றழுத்தத்தால் சுடும் எயார் ரைபிள் பற்றி எழுதும்போது, "துவக்கைப் பழிக்கிறவன் முதலில் பெலட்டைப் பார்க்கட்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். பெலட் என்பது அதில் போடும் சின்ன ஈயக் குண்டு. அதற்கு வந்த கடிதங்களால் மேசை லாச்சி பூட்டுப்படாமல் கிடக்கிறது. நான் துவக்கு வியாபாரி இல்லை. திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருடம் லேத் மெஷினில் நின்றவன். மில்லிமீற்றரை நூறாகப் பிரித்து அளந்த கை, ஓய்வு எடுத்த பிறகும் சும்மா இருக்கவில்லை. எயார் ரைபிள் திருத்துகிற பழக்கம் அப்படித்தான் வந்தது.

கேள்வி: மாமா விட்டுப்போன பழைய டயானா ஸ்பிரிங் ரைபிள் என்னிடம் இருக்கிறது. நண்பனிடம் புதிய பி.சி.பி. ரைபிள் (முன்கூட்டியே காற்று அடைத்து வைத்துச் சுடுவது). பத்து மீற்றரில் இரண்டிலும் ஐந்து ஐந்து வெடி வைத்தோம். அவனுடையது 9 மில்லிமீற்றருக்குள் விழுந்தது, என்னுடையது 17. பிறகு வேறு ரின் பெலட் போட்டேன், 11 ஆகிவிட்டது. என் துவக்கு கூடாதா, பெலட் கூடாதா? (உப்புவெளி இளைஞர் ஒருவர்)

பதில்: தம்பி, ஒரே பின்னேரத்தில் துவக்கையும் மாற்றி, பெலட்டையும் மாற்றி, அனேகமாகச் சுட்ட ஆளையும் மாற்றிவிட்டு, எது குற்றவாளி என்று கேட்கிறீர்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் நின்றால் கறிச்சட்டியைக் கவிழ்த்தது யார் என்று எப்படிச் சொல்வது?

அதைவிட முக்கியம், ஐந்து வெடி. அட்டையில் விழுந்த துளைக் கூட்டம் வெடி கூடக்கூட விரியுமே தவிர ஒருநாளும் சுருங்காது. ஐந்தில் 9 வந்தது பத்தில் 15 ஆகலாம். என் கொப்பியில் இருந்து தருகிறேன்: ஒரே துவக்கு, ஒரே ரின், ஒரே காலை, ஐந்து அட்டை, அட்டைக்கு ஐந்து வெடி. 8, 14, 10, 16, 11. இடையில் நான் தேத்தண்ணி குடித்தது தவிர எதுவும் மாறவில்லை. முதல் அட்டையை மட்டும் காட்டியிருந்தால் நான் கெட்டிக்காரன். நாலாவதை மட்டும் காட்டியிருந்தால் துவக்கு பழைய இரும்புக்காரனுக்குப் போயிருக்கும். உங்கள் 17-உம் 11-உம் இந்த ஐந்து எண்களைவிட அதிகமாக எதையும் சொல்லவில்லை.

நானும் இதில் ஏமாந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆனி மாதம், உவர்மலையில் எங்கள் பின் வளவில் 25 மீற்றர் அளந்து இரண்டு ரின்களை ஒப்பிட்டேன். காலை ஏழு மணிக்கு முதல் ரின். ஒரு இலை ஆடவில்லை. இரண்டாவதைத் தொடங்கும்போது பத்தரை, கச்சான் காற்று எழும்பிவிட்டது. எங்கள் ஊர்க் கச்சானைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, காயப்போட்ட சாரத்தைப் பக்கத்து வீட்டில் போய் எடுக்கவேண்டி வரும். அரைக் கிராம் ஈயத்தை அது என்ன செய்யும்? இரண்டாம் ரின் "சரியில்லை" என்று தீர்ப்பு எழுதினேன். மூன்று மாதமாகக் கண்டவர் நின்றவர் எல்லாருக்கும் அதைக் குறை சொன்னேன். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் கொடுத்தும் விட்டேன். ஐப்பசி மழைக்கு முந்திய ஒரு அமைதியான காலையில், அவன் அதே ரின்னைக் கொண்டுவந்து என் துவக்கிலேயே வைத்த பத்து வெடியை ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் மூடலாம் போல இருந்தது. ரின்னைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்கிற முறை இது. ரின் மாற்றினால் முதல் பத்து வெடியை எண்ணுவதில்லை. குழலுக்குள் பழைய ஈயம் படிந்திருக்கும், புதியது பழக வேண்டும். பிறகு முதல் ரின்னில் பத்து, இரண்டாவதில் பத்து, திரும்ப இரண்டாவதில் பத்து, கடைசியாக முதலாவதில் பத்து. கை களைத்தாலும் வெயில் ஏறினாலும் இரண்டு ரின்னுக்கும் பங்கு சமம். ஒவ்வொரு ரின்னுக்கும் பழக்க வெடி வைத்து முடிந்த பிறகு, எந்த ரின் என்று சொல்லாமல் பெலட்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தர வீட்டில் ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. விலை கூடின ரின் என்று தெரிந்துவிட்டால் மனிசன் மூச்சை அடக்கிக் கவனமாகச் சுடுவான், எனக்கு அது நடந்திருக்கிறது.

அளக்கும்போது, ஆகத் தள்ளி நிற்கும் இரண்டு துளைகளின் வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து, ஒரு துளையின் அகலத்தைக் கழியுங்கள். தட்டை மூக்குப் பெலட் கடதாசியைச் சுத்தமாக வெட்டும், 4.5 கழித்தால் சரி. உருண்டை மூக்கு கடதாசியைக் கிழித்துக்கொண்டு போகும், துளை திரும்ப மூடிக்கொள்ளும். தனியாக விழுந்த ஒரு துளையை அளந்து அதைக் கழிக்க வேண்டும்.

இனித் துவக்குக்கு வருவோம். ஸ்பிரிங் ரைபிளில் விசையை இழுத்ததும் உள்ளே பாரமான பிஸ்ரன் முன்னே பாய்கிறது. துவக்கு முதலில் பின்னே உதைத்து, பிறகு முன்னே குதிக்கிறது. இந்தக் கூத்து நடக்கும்போது பெலட் இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்பது ஒவ்வொரு வெடியிலும் அட்டையில் எழுதப்படும். இறுக்கிப் பிடிக்காதீர்கள், மேசை விளிம்பிலோ செங்கல்லிலோ நேரே வைக்காதீர்கள். இடது உள்ளங்கையில் தளர்வாகக் கிடக்கட்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். பி.சி.பி.யில் ஏற்கெனவே அடைத்த காற்று, பெரும்பாலும் 200 பார் (அழுத்த அலகு) அளவில், ஒரு வால்வு வழியாக வருகிறது. உதைப்பு சொற்பம், பிடியில் வந்த பிழையை மன்னித்துவிடும். உங்கள் நண்பனின் 9-இல் ஒரு பங்கு இந்த மன்னிப்பாக இருக்கலாம். ஆனால் அவன் காற்றழுத்த மானியைப் பார்த்தானா? ரெகுலேற்றர் (வால்வுக்குப் போகும் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் உறுப்பு) இல்லாத பி.சி.பி.யில் அழுத்தம் இறங்க இறங்க வேகமும் மாறும்.

வேகம் மாறினால் என்ன என்று கேட்பீர்கள். நொடிக்கு 170 மீற்றரில் போகும் பெலட் பத்து மீற்றருக்குள் ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் விழுகிறது. 165 என்றால் 18. காற்றுத் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு, ஆனாலும் வித்தியாசம் 1 மில்லிமீற்றர்தான். அதே இரண்டு பெலட்டும் 25 மீற்றருக்குப் போனால் ஆறு மில்லிமீற்றருக்கு மேல் பிரியும். பத்தில் நல்ல பிள்ளையாக இருந்த ரின் இருபத்தைந்தில் குழப்படி செய்வதன் காரணங்களில் ஒன்று இது. வசதி இருந்தால் இரண்டு தூரத்திலும் சுடுங்கள்.

மாமாவின் துவக்கை விற்காதீர்கள். கட்டையைப் பிடிக்கும் திருகாணிகளை இறுக்குங்கள். ஸ்பிரிங் துவக்கு அதிர்ந்து அதிர்ந்து அவற்றைத் தளர்த்திவிடும், என்னிடம் "குறி கெட்டுப்போச்சு" என்று வந்தவற்றில் நல்ல பங்கு அரைச் சுற்றில் திருந்திப் போனவை. பிறகு நண்பனும் நீங்களும் துவக்கை மாற்றிச் சுட்டுப் பாருங்கள். யாருடைய கை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பாரமான பெலட் நேராகப் போகுமா? ரின்னில் 4.50, 4.52 என்று போட்டிருப்பது என்ன? (மூதூர் ஆசிரியர் ஒருவர்)

பதில்: பாரம் கூடினதால் மட்டும் நேராகப் போகாது, சேர். ஒன்றுக்கொன்று ஒரே பாரமாக இருந்தால்தான் நேராகப் போகும். போட்டி ரைபிளுக்கு வழக்கமானது 0.53 கிராம், பிஸ்டலுக்குக் கொஞ்சம் குறைவு. 0.53 என்பது ஏறக்குறைய நாலு குன்றிமணி. எனக்குத் தெரிந்த நகைப் பத்தர் ஒருவரின் கடையில், கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று தசமதானம் காட்டும் தராசில் ஒரு மலிவான ரின்னில் இருந்து ஐம்பது பெலட் நிறுத்தேன். ஆகக் குறைந்தது 0.498, ஆகக் கூடியது 0.546. விலை கூடின ஒன்றில் ஐம்பதும் 0.527-க்கும் 0.534-க்கும் இடையில். பத்தர் சொன்னார், "முதலாவதைப் பொன் என்று கொண்டுவந்திருந்தால் உன்னைப் பிடித்துக் கொடுத்திருப்பேன்."

4.50, 4.52 என்பது பெலட்டின் தலை விட்டம், மில்லிமீற்றரில். குழலின் உள் வரிகளை அது மட்டாகப் பற்ற வேண்டும். ஒரே கம்பனி, ஒரே மாதிரி இரண்டு துவக்குக்கூட வேறு வேறு தலையை விரும்பும், அதனால் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுப் பத்து ரின் வாங்கவேண்டாம், ஒவ்வொன்றாக வாங்கிப் பாருங்கள். தலையைவிட வால் பக்கத்துப் பாவாடையைக் கவனியுங்கள். மெல்லிய ஈயம், மோட்டார் சைக்கிள் பெட்டியில் மூதூர் மட்டும் குலுங்கிப் போனாலே நசுங்கும். நசுங்கினதைப் பழக்க வெடிக்கு ஒதுக்குங்கள். இன்னொன்று, பெலட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஈயம் நஞ்சு. சுட்டு முடிந்ததும் சோப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

கேள்வி: தோட்டத்துக்கு வரும் குரங்குக்கு எந்தப் பெலட் நல்லது? (கன்னியா வாசகர்)

பதில்: எதுவும் இல்லை. நான் எழுதுவது கடதாசி அட்டைக்குச் சுடுவதைப் பற்றி. காயப்பட்ட குரங்கு உங்கள் கூரையிலேயே வந்து சாகும், அதன் சட்டச் சிக்கல் வேறு. வலை கட்டுங்கள், நாய் வளருங்கள்.

கேள்வி: 14 வயது மகள், பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதைப் பார்த்த நாளிலிருந்து எயார் ரைபிள் வேண்டும் என்கிறாள். எது வாங்கலாம்? (லிங்கநகர் தாய்)

பதில்: அம்மா, மனு பாக்கர் 2024-இல் வென்றது எயார் பிஸ்டலில். முதலில் பிள்ளைக்கு எது விருப்பம் என்று கேளுங்கள், இரண்டும் வேறு விளையாட்டு. பிஸ்டல் அட்டையில் பத்தாம் வட்டம் 11.5 மில்லிமீற்றர். ரைபிளில் அது 0.5 மில்லிமீற்றர் புள்ளி, பேனை முனையால் குத்தின மாதிரி. 60 வெடி, ஒவ்வொன்றுக்கும் தசமத்தில் புள்ளி, ஆகக் கூடியது 10.9, மொத்தம் 654. மேலே தம்பிக்குச் சொன்ன அந்த 1 மில்லிமீற்றர் இங்கே 0.4 புள்ளியைத் தின்றுவிடும். போட்டிக்காரர்கள் ரின் ரின்னாகச் சோதித்துப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

முன்மாதிரிக்கு ரைபிளிலேயே ஆள் இருக்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காகச் சுட்டவர். நம் நாட்டில் தெஹானி எகொடவெல, டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிளில் இலங்கைக்காக நின்றவர். இரண்டு பேரின் படத்தையும் மகளுக்குக் காட்டுங்கள்.

துவக்கு இப்போது வாங்கவேண்டாம். போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், வளரும் பிள்ளையின் முதுகுக்கு அது விளையாட்டில்லை. பயிற்றுநர் இருக்கும் இடத்தில் இரவல் துவக்கில் ஆறு மாதம் பழகட்டும். அதுவரை வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஒரு தடியைத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிடம் ஆடாமல் நிற்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாளே சலித்துவிட்டதென்றால் உங்கள் காசு மிச்சம்.

கேள்வி: சி.ஓ.2 பிஸ்டல் காலையில் கீழே சுடுகிறது, மத்தியானம் மேலே சுடுகிறது. பேயா? (நிலாவெளி)

பதில்: வெயில். அந்தக் காபனீரொட்சைட்டு வாயுக் குப்பிக்குள் 20 பாகையில் அழுத்தம் ஏறக்குறைய 57 பார், 30 பாகையில் 72. நிலாவெளி மணலில் மத்தியானம் எவ்வளவு என்று நீங்களே அறிவீர்கள். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் குப்பி குளிர்ந்து மறுபடி இறங்கும். நிழலில் வைத்து, வெடிக்கு வெடி அரை நிமிடம் விட்டு, பிறகு பெலட்டை ஒப்பிடுங்கள்.

கேள்வி: உப்புக் காற்றில் துவக்கு துருப்பிடிக்கிறது. குழலுக்குள் தேங்காய் எண்ணெய் விடலாமா? (டச் பே வீதி)

பதில்: நான் விட்டிருக்கிறேன். ஸ்பிரிங் துவக்குக்குள் காற்று அமுங்கும்போது வரும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும், டீசல் இயந்திரத்தில் நடக்கிறதே அதுதான். வேட்டுச் சத்தம், நீலப் புகை, வறுத்த தேங்காய் மணம். பெலட் அட்டைக்கு மேலே பலகையில் போய்ப் புதைந்தது. மனைவி குசினியில் இருந்து ஓடி வந்தா. பிஸ்ரன் வாசர் கருகி, அடுத்த வாரம் முழுவதும் அதைக் கடைந்துகொண்டிருந்தேன். துவக்கு எண்ணெய் வெளி இரும்புக்கு மட்டும், துணியில் தொட்டு. குழலுக்குக் காய்ந்த துணித்துண்டு போதும், அதுவும் குறி விலகத் தொடங்கினால்தான். துருவுக்குப் பயந்து பெலட் போடாமல் சும்மா அடித்துப் பார்க்கவும் வேண்டாம், பிஸ்ரன் மெத்தை இல்லாமல் போய் இடிக்கும்.

கேள்வி: என் துவக்கை நேரில் கொண்டுவந்து காட்டலாமா? (தம்பலகாமம்)

பதில்: முதலில் கச்சேரியிலும் பொலிஸிலும் உங்கள் துவக்குக்கு என்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டு, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பையில் மூடிக் கொண்டுவாருங்கள். தோளில் கொழுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரவேண்டாம். விளையாட்டுத் துவக்குச் சத்தத்துக்கே பிள்ளையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளின தாய்மார் இந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். என் வளவில் சுடுவதென்றால் நான் சொல்லும் திசையில்தான். பின்னுக்குப் பழந்துணி அடைத்த மரப்பெட்டி, அதற்குப் பின்னுக்கு மண்மேடு. குறி பிழைத்த பெலட் சில நூறு மீற்றர் போகும், எங்கள் ஒழுங்கைக்குக் கோட்டைப் பக்கத்து மான்களும் சிலவேளை வரும். ஞாயிறு காலை வேண்டாம், மீன் வாங்கப் போய்விடுவேன். சனி ஏழு மணிக்கு வாருங்கள், கச்சான் எழும்ப முந்தி.