க்யூவை நீட்டாதீங்க, பேக்கப் எங்க போகுதுன்னு பாருங்க

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பார்க்கற அம்மிணி ஒருத்தங்க கேட்டிருக்காங்க. 12 கம்ப்யூட்டர், அத்தனைக்கும் ஒரே லினக்ஸ் சர்வர், 16 ஜிபி ராம், உள்ள 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒண்ணு. தினமும் மதியம் ஒன்றரைக்கு பேக்கப் ஓட ஆரம்பிக்குது, ஆரம்பிச்சதும் டிசி (டெலிவரி சலான்) போடற ஸ்கிரீன் மூணு நாலு நிமிஷம் கல்லாட்டம் நின்னுக்குது, வாசல்ல துணி ஏத்துன டெம்போ டிசி இல்லாம கிளம்ப முடியல, டிரைவர் உள்ள வந்து சத்தம் போடறார். ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள் பார்த்துட்டு "டிஸ்க்கோட ரிக்வெஸ்ட் க்யூ 64-லதான் இருக்குது, 1024 ஆக்கிட்டா சரியாப் போயிரும், அப்பவும் ஆகலைன்னா சர்வர் மாத்தோணும், மூணு லட்சம் ஆகும்"னு சொல்லிட்டுப் போயிருக்கார். பேக்கப் அதே டிஸ்க்ல இன்னொரு பார்ட்டிஷனுக்குத்தான் போகுதுன்னு கடைசி வரில போகிற போக்குல எழுதியிருக்காங்க. 1024 ஆக்கலாமுங்களான்னு கேள்வி.

வேண்டாமுங்க.

க்யூங்கறது டிஸ்க்குக்கு வர்ற வேலையெல்லாம் நிக்கற வரிசை. 64-ஐ 1024 ஆக்கினா வரிசைதான் நீளும், டிஸ்க் அதே டிஸ்க்தானே. 7200 ஆர்பிஎம் டிஸ்க்ல தட்டு ஒரு சுத்து சுத்தவே 8.3 மில்லிசெகண்ட் ஆகும், அதுபோக படிக்கற எழுதற தலை நகர்ந்து சரியான இடத்துக்கு வரோணும், அங்கொண்ணு இங்கொண்ணுமா வேலை கொடுத்தா செகண்டுக்கு 80, மிஞ்சிப்போனா 100 வேலை முடிக்கும். அப்ப 64 பேர் நின்னா கடைசி ஆளுக்கு ஒரு செகண்டுக்குள்ள முறை வந்துரும், 1024 பேர் நின்னா பத்து பதிமூணு செகண்டு. உங்க டிசி அந்த வரிசைல எங்கயோ நடுவால மாட்டிக்கும். இட்டேரில ஒரு வண்டிதான் போக முடியும்னா பின்னால எத்தனை வண்டிக்கு நிக்க எடம் பண்ணிக் கொடுத்தும் என்ன ஆகப் போகுது.

கெர்னல், அதாவது லினக்ஸோட மையம், அந்த வரிசைல என்னதான் பண்ணுதுன்னு கேட்டா, உங்க டெலிவரி செக்ஷன்ல டெம்போவுக்கு லோடு பிரிக்கற மேனேஜர் பண்றதேதான். பல்லடம் ரோடு சரக்கு ரெண்டு வந்தா ஒட்டுக்கா ஒரே வண்டில போடுவார், அவிநாசி ரோடு போயிட்டு திரும்பி காங்கயம் ரோடு போயி மறுபடி அவிநாசி ரோடு வராம, போற தடத்துல இருக்கறதெல்லாம் வரிசையா எறக்குவார். டிஸ்க்ல பக்கத்து பக்கத்து எடத்துக்கு வர்ற வேலையை ஒண்ணாக்கறதும், தலை போற திசைல அடுக்கறதும் அதேதான். ஆனா இப்படியே போனா காங்கயம் ரோட்டுக்காரன் சரக்கு சாயந்தரம் வரைக்கும் கெடக்கும், அதுக்குத்தான் கெடு வெக்கறது. இப்படி அடுக்கற மேனேஜருக்கு கெர்னல்ல ஷெட்யூலர்னு பேரு, எம்க்யூ டெட்லைன்னு ஒண்ணு இருக்குதுங்க, அதுல படிக்கற வேலைக்கு அரை செகண்டு, எழுதற வேலைக்கு 5 செகண்டு கெடு, கெடு தாண்டினா தடத்தை மாத்தியாவது அதை மொதல்ல அனுப்பப் பார்க்கும். படிக்கறதுக்கு முன்னுரிமை ஏன்னா படிக்கக் கேட்டவன் விடை வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கான், எழுதச் சொன்னவன் பெரும்பாலும் சொல்லிட்டுப் போயிட்டே இருப்பான்.

இந்த "பெரும்பாலும்"லதான் உங்க பிரச்சனை உக்காந்திருக்குது. பேக்கப் எழுதறது நேரா டிஸ்க்குக்குப் போறதில்ல, மொதல்ல ராம்ல குவியும். கெர்னலோட டீஃபால்ட் கணக்குல காலியா இருக்கற மெமரில 10 சதவீதம் அழுக்கானா, அதாவது இன்னும் டிஸ்க்குக்குப் போகாம குவிஞ்சா, பின்னால மெதுவா டிஸ்க்குக்குத் தள்ள ஆரம்பிக்கும், 20 சதவீதம் தொட்டா எழுதறவனையே நிறுத்தி வெக்கும். 16 ஜிபி மெஷின்ல 20 சதவீதம்னா ஏறக்குறைய 3 ஜிபி. அதே டிஸ்க்ல ஒரு பக்கம் டேட்டா படிச்சு இன்னொரு பக்கம் பேக்கப் எழுதற தலை, அந்த 3 ஜிபியை எறக்கி முடிக்க எத்தனை நிமிஷம் ஆகும்னு நீங்களே பார்த்திருக்கீங்க. இந்த நேரத்துல நீங்க டிசில சேவ் அமுத்தறீங்க. டேட்டாபேஸ் மத்தவன் மாதிரி சொல்லிட்டுப் போகாது, "தட்டுல எழுதியாச்சுன்னு உறுதி சொல்லு, அப்பறந்தான் நகருவேன்"னு எஃப்சிங்க் போட்டு நிக்கும். அது நியாயம், இல்லேன்னா கரண்ட் போனா உங்க பில்லு போயிரும். ஆனா எம்க்யூ டெட்லைனுக்கு ஒரு டிசியும் ஒண்ணுதான் பேக்கப்போட குப்பை லோடும் ஒண்ணுதான், ரெண்டுமே எழுதற வேலை, அது பாட்டுக்கு வரிசைல விட்டுரும்.

மொத வேலை, பேக்கப்பை அந்த டிஸ்க்லேர்ந்து எடுங்க. இதை எத்தனை ஊர்ல எத்தனை தரம் சொல்றதுன்னு எனக்கே சலிப்பா இருக்குது. ஒரே டிஸ்க்ல ரெண்டு பார்ட்டிஷன் போட்டு ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு காப்பி எடுக்கறதுக்கு பேக்கப்னு பேரு வெச்சு அதுக்கு வருஷா வருஷம் ஏஎம்சி காசும் வாங்கறாங்க. வீட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து அதே பீரோல அதே தட்டுல வெக்கற மாதிரி. டிஸ்க் போச்சுன்னா ரெண்டும் ஒட்டுக்கா போகும், அதுவரைக்கும் தினமும் மதியம் தலை ரெண்டு பக்கமும் ஓடி ஓடி உங்க உயிரை வாங்கும். தனியா இன்னொரு டிஸ்க் போடுங்க, நேரத்தையும் ராத்திரிக்கு மாத்துங்க.

அடுத்தது அந்த ராம் குவியலைக் குறைக்கறது. சிஸ்சிடிஎல்ல (கெர்னல் செட்டிங் மாத்தற கமாண்ட்) டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் 67108864, டர்ட்டி பைட்ஸ் 268435456 வெக்கச் சொல்லுங்க. அதாவது 64 எம்பிலயே எறக்க ஆரம்பி, 256 எம்பிக்கு மேல குவிய விடாதேன்னு அர்த்தம். பேக்கப் கொஞ்சம் எச்சா நேரம் எடுக்கும், எடுக்கட்டும், அதுக்கென்ன டெம்போவா காத்துட்டு நிக்குது.

மூணாவதா ஷெட்யூலர். சிஸ் ஃபோல்டருக்குள்ள பிளாக், அதுக்குள்ள உங்க டிஸ்க் பேரு, அதுக்குள்ள க்யூ, அதுக்குள்ள ஷெட்யூலர்னு ஒரு ஃபைல் இருக்கும், தெறந்தா உள்ள இருக்கற பேர்ல எது ஓடுதோ அது சதுர அடைப்புக்குள்ள தெரியும். சுத்தற டிஸ்க்ல இந்த மாதிரி ஆபீஸ் வேலைக்கு பிஎஃப்க்யூங்கற ஷெட்யூலர் நல்லா இருக்கும், 2017-ல 4.12 கெர்னல்ல வந்தது, யார் காத்துட்டு நிக்கறான் யார் சும்மா கொட்டிட்டுப் போறான்னு பிரிச்சுப் பார்த்து ஆளுக்கு ஆள் பங்கு கொடுக்கும். மாத்தறது ஒரு வரி. ரீஸ்டார்ட் பண்ணா பழையபடி போயிரும், நிரந்தரமா வேணும்னா யூடெவ் ரூல் (டிஸ்க்கைக் கண்டதும் தானா ஓடற செட்டிங்) எழுதோணும்.

இங்கதான் நம்ம ஆளுக பண்ற கூத்து. பத்து வருஷம் பழைய வெப்சைட்ல பார்த்து கிரப்ல (சர்வர் பூட் ஆகற செட்டிங்) எலிவேட்டர் ஈக்வல் டு நூப்னு, அதாவது நூப்ங்கற பழைய ஷெட்யூலரைப் போடச் சொல்லி, ஒரு வரி சேர்த்துட்டு "டியூனிங்"னு பில் போடறாங்க. பழைய ஒத்தை வரிசை பிளாக் லேயரையே 2019-ல 5.0 கெர்னல்ல தூக்கிட்டாங்க, அதோட சிஎஃப்க்யூங்கற இன்னொரு பழைய ஷெட்யூலரும் போச்சு, நூப்பும் போச்சு, நூப்புக்குப் பதிலா இப்ப "நன்" (ஷெட்யூலரே வேண்டாம்னு அர்த்தம்) தான் இருக்குது. அந்த எலிவேட்டர் வரி இப்ப எழுதினாலும் ஒண்ணுதான் எழுதாட்டியும் ஒண்ணுதான், புது கெர்னல் அதைப் பார்த்து "இதுக்கு இனி பலன் இல்லை"னு லாக்ல எழுதியே வெக்குது, யார் லாக் படிக்கறா. கெர்னல்காரங்க மேலயும் கோவம் வருது எனக்கு, நாலு வருஷத்துக்கு ஒரு தரம் பேரை மாத்துவாங்க, பழைய டாக்குமெண்ட் அப்படியே நெட்ல சுத்திட்டு கெடக்கும்.

இன்னொரு ஏமாத்து. "பேக்கப்புக்கு ஐஓநைஸ் போட்டுட்டேங்க, இனி அது கடைசி ஆளாத்தான் நிக்கும்"பாங்க. ஐஓநைஸ்ங்கறது ஒரு வேலையோட டிஸ்க் முன்னுரிமையை மாத்தற கமாண்ட். பாதிதான் உண்மை. பேக்கப் படிக்கறது கடைசி ஆளா நிக்கும், சரி. எழுதறதை ராம்லேர்ந்து டிஸ்க்குக்குக் கொண்டு போறது கெர்னலோட சொந்த ஆளு, அந்த ஆளுக்கு நீங்க பேக்கப்புக்குப் போட்ட நைஸ் ஒட்டாது. அதனாலதான் டர்ட்டி பைட்ஸைக் குறைங்கன்னு மேல சொன்னது. "நன்" போட்டிருக்கற டிஸ்க்ல ஐஓநைஸ்க்கு சுத்தமா வேலையே இல்ல.

எஸ்எஸ்டி (தட்டு சுத்தாத டிஸ்க்) போட்டா இந்தக் கதையெல்லாம் முக்கால்வாசி முடிஞ்சுரும், டேட்டாபேஸுக்கு மட்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டி போதும், அதுக்கு மூணு லட்சம் ஆகாதுங்க.

ஒரே ஒரு எடத்துல மட்டும் நான் மேல சொன்னது மாறும். உங்க சர்வர்ல ரெய்டு கார்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டற கார்டு) இருக்குதான்னு பாருங்க, ஒத்தை டிஸ்க்னு எழுதியிருக்கீங்க, ஆனாலும் பாருங்க, சில சர்வர்ல ஒத்தை டிஸ்க்கையும் கார்டு வழியா மாட்டியிருப்பாங்க. கார்டுக்குள்ள அதுக்குன்னு தனி ராம், தனி வரிசை, அது தானே அடுக்கிக்கும், அங்க கெர்னல் ஷெட்யூலரை மாத்தறதுல பெருசா ஒண்ணும் கெடைக்காது. அங்க பார்க்க வேண்டியது பேட்டரி. கார்டு ராம்ல வாங்கி வெச்சுட்டு "எழுதியாச்சு"ன்னு உடனே பதில் சொல்லும், கரண்ட் போனா பேட்டரி அந்த ராம்ல இருக்கறதைக் காப்பாத்தும், அந்தத் தைரியத்துலதான் அப்படிச் சொல்லுது. பேட்டரி செத்துப்போச்சுன்னா பெரும்பாலான கார்டு தானாவே அந்த வசதியை நிறுத்திட்டு ஒவ்வொண்ணையும் தட்டுல எழுதிட்டுத்தான் பதில் சொல்லும், ஆபீஸ்ல ஒரு நாள் காலைல திடீர்னு எல்லாம் மெதுவாயிரும், சாஃப்ட்வேர்காரனைப் போட்டுத் திட்டுவாங்க. சில கார்டு சில மாசத்துக்கு ஒரு தரம் பேட்டரியைத் தானே காலி பண்ணி ஏத்திப் பார்க்கும், அந்த நேரத்துலயும் இதேதான். பேட்டரி வாங்கித் தர சோம்பேறித்தனப்பட்டு "பேட்டரி இல்லேன்னாலும் ராம்லயே வெச்சுக்கோ"ன்னு கட்டாயமா மாத்தி விடற ஆளுகளும் இருக்காங்க, அன்னைக்கு சர்வர் பறக்கும், ஓனர் டீ வாங்கிக் கொடுப்பார். மாசாந்திர பராமரிப்புக்கு ஒன்பது மணிக்கு கரண்டை நிறுத்துவாங்க, யூபிஎஸ் பத்து நிமிஷத்துல கைவிடும், அந்த நேரம் கார்டு ராம்ல இருந்ததெல்லாம் போயி டேட்டாபேஸ் தெறக்காமயே போயிரலாம். அதனால கார்டு இருந்தா அதோட சாஃப்ட்வேர்ல பேட்டரி நெலவரம் என்னன்னு எழுதி வாங்குங்க, வாய்ல சொன்னா ஒத்துக்காதீங்க.

டிஸ்க்கே சீக்கா இருந்தாலும் இப்படித்தான் நிக்கும். ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கோட உடம்பைச் சொல்ற கமாண்ட்) ஓட்டி 5, 197 ரெண்டு நம்பருக்கும் நேரா ரா வேல்யூங்கற பத்தியைப் பாருங்க, 5-ங்கறது கெட்டுப்போயி மாத்தின எடம், 197-ங்கறது படிக்க முடியாம நிக்கற எடம், 197-ல பூஜ்யத்தைத் தவிர வேற எது இருந்தாலும் அந்த எடத்தைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டிட்டு இருக்கும், கெர்னலும் ஒரு கமாண்டுக்கு 30 செகண்டு வரைக்கும் பொறுத்துப் பார்க்கும். அப்படியே 9-ம் நம்பரையும் பார்த்துருங்க, அது டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குதுன்னு சொல்லும். பெருந்துறைப் பக்கம் ஒரு மஞ்சள் மண்டி ஆபீஸுக்கு நான் போனப்ப சர்வர் அட்டாலி மேல காலி சாக்குக்கு நடுவால இருந்துச்சு, போன மாசந்தான் புது டிஸ்க் போட்டோம்னு பில்லு காட்டினாங்க, 9-ம் நம்பர்ல 26,000 மணி. வருஷத்துக்கு 8,760 மணிதானுங்க. மூணு வருஷம் எங்கயோ ஓடின டிஸ்க்கைத் தொடைச்சு புது கவர்ல போட்டு வித்திருக்கார் நடுவால இருந்த ஆளு. இப்ப அந்த நம்பரையே அழிச்சுட்டு விக்கறவங்களும் இருக்காங்க, அதனால சீரியல் நம்பரை வெச்சு டிஸ்க் கம்பெனி சைட்ல வாரண்டி இருக்குதான்னு தட்டிப் பார்த்துட்டுக் காசு கொடுங்க. பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆரா சிஎம்ஆரான்னும் கேளுங்க, சிஎம்ஆர்ல தடம் தனித்தனியா இருக்கும், எஸ்எம்ஆர்ல தடங்களை ஓடு மேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா எழுதியிருக்கும், நடுவால ஒண்ணை மாத்தோணும்னா பக்கத்துல இருக்கறதையெல்லாம் திரும்ப எழுதோணும், நெறைய எழுதினா படுத்துக்கும். டப்பா மேல இதைப் பெருசாப் போட என்ன கேடுன்னு தெரியல.

இன்னைக்கு 1024 போட்டிருந்தா 64-க்கே கொண்டு வந்துருங்க. மத்த எதையும் தொடறதுக்கு மின்னாடி ஒண்ணு இருபதுக்கு ஐஓஸ்டேட்டை (டிஸ்க் எவ்வளவு நேரம் காக்க வெக்குதுன்னு காட்டற கமாண்ட்) எக்ஸ் போட்டு செகண்டுக்கு ஒரு வரி வர்ற மாதிரி ஓட விடுங்க, ஒன்றரைக்கு அவெயிட்னு (காத்திருக்கற நேரம்) இருக்கற பத்தில நம்பர் எங்கேர்ந்து எங்க தாவுதுன்னு, எழுதற அவெயிட் தனி படிக்கற அவெயிட் தனி, ரெண்டையும் குறிச்சுக்குங்க. பேக்கப்பை இந்த மூணு நாளும் மதியத்துலயே விட்டு, டர்ட்டி பைட்ஸ் மட்டும் மாத்திட்டு மறுநாள் அதே நேரம் மறுபடி எடுங்க, அதுக்கு அடுத்த நாள் ஷெட்யூலரை மாத்தி எடுங்க. மூணு நாள் காகிதத்தையும் ஏஎம்சி ஆள் முன்னால வெச்சு, மூணு லட்சம் எதுக்குன்னு கேளுங்க.