யாழ்ப்பாணக் கண்காட்சிக்குச் சோலாரும் ரீவியும் பார்க்கப் போவது பிரயோசனமா?

கேட்டவர் மாங்குளம் பக்கம். முற்றவெளியில் நடக்கிற சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் இலத்திரனியல் சாமான்கள் பார்க்கப் போகலாமா, இல்லை எல்லாம் வெறும் விளம்பரமா என்பது கேள்வி. போங்கள். விளம்பரம்தான், ஆனால் சாமானைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க அங்கேதான் விடுவார்கள்.

நான் கிளிநொச்சியில் சோலார் பூட்டுகிறவன். 550 வாட் பனல் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது, பனலின் சூடு 25 பாகையாக இருக்கும்போது ஆய்வுகூடத்தில் எடுத்த கணக்கு. எங்கள் தகரக் கூரையில் மத்தியான வெயிலுக்குப் பனல் 60 பாகைக்கு ஏறிவிடும். கூடுகிற ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். ஆக, 550 வாட் 480 அளவுக்கு வந்து நிற்கும். விபரத்தாளைக் கேட்டு வாங்கி, அந்தக் குறைவு 0.3க்குக் கிட்ட இருப்பதைப் பாருங்கள். தாள் இல்லை என்றால் அடுத்த ஸ்டோலுக்கு நடக்கலாம்.

பவர் பாங்கும் இதே கதைதான். 20,000 மில்லி அம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக்குச் சொன்னது. போனுக்கு 5 வோல்ட்டாக வெளியே வரும்போது அது 15,000ஐக்கூடத் தொடாது. 5,000 பற்றரி உள்ள போனை நாலு தரம் ஏற்றலாம் என்று விற்கிற பெடியன் சொல்வான். மூன்று தரம் ஏறினால் சந்தோசப்படுங்கள்.

ரீவி என்றால் றிமோட்டைக் கேட்டு, படத்தைச் சாதாரண நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். கடையில் கண்ணைப் பறிக்கிற நிறம் பாதி அங்கேயே போய்விடும்.

ஒருமுறை விசுவமடுத் தோட்டக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சோலார் தண்ணீர்ப் பம்பி காட்டியவர் செயலி, தானியங்கி என்று மூச்சுவிடாமல் விளக்கினார். ஐயா எல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, குரங்கு பனலுக்கு மேல ஏறிக் குதிச்சா என்ன செய்வியள்?" என்றார். கொழும்பிலிருந்து வந்த அந்த மனிதருக்குப் பதில் வரவில்லை. கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஆட்களிடம் செயலியைக் காட்டி மயக்குவது கொஞ்சம் கஷ்டம்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடக்கிற சிஇஎஸ் என்ற பெரிய இலத்திரனியல் கண்காட்சியின் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதே நினைப்பில் போகவேண்டாம். அங்கே காட்டுவதெல்லாம் எங்கள் கைக்கு வருகிற சாமானும் இல்லை. 2019இல் எல்ஜி அங்கே சுருட்டி வைக்கிற ரீவி காட்டியது. அடுத்த வருடம் கொரியாவில் விற்பனைக்கு வந்தபோது விலை 10 கோடி வொன்!

கண்காட்சி விலை என்று அவசரப்படுத்தினால் முற்பணம் கொடுக்காதீர்கள். பழுதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ திருத்துகிற இடம் எது என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெள்ளிக்கிழமை காலையில் போனால் ஆறுதலாகக் கதைக்கலாம். ஞாயிறு பின்னேரம் ஸ்டோலுக்குக் கிட்டவும் போக முடியாது.