மாத்திரைக்குப் பதிலாகக் கிரான்பெர்ரிச் சாறு குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52, மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொழுப்பு 252, எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 168, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 44, ட்ரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 200 என்று வந்தது. மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கிரான்பெர்ரிச் சாறு இதயத்துக்கு நல்லது என்று மகள் நான்கு பாட்டில்கள் வாங்கி வைத்திருக்கிறாள். மூன்று மாதம் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடங்கலாமா?

பதில்: மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் மகள் கேள்விப்பட்டது முழுப் பொய் அல்ல. ஆனால் அந்த நற்பெயர் பழத்துக்கு உரியது, பாட்டிலுக்கு அல்ல.

நாவற்பழம் தின்றதும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் ஊதா நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் வகை நிறமிகள்தான் பெர்ரிப் பழங்களிலும் இருக்கின்றன. அமெரிக்காவில் 93,600 பெண் செவிலியர்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இந்த நிறமிகளை உணவில் மிகுதியாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சேர்த்தவர்களைவிட மாரடைப்பு அபாயம் 32 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. அங்கே பேசப்பட்டவை முக்கியமாக ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரிப் பழங்கள். மேலும், பழம் விரும்பி உண்பவர்களிடம் வேறு நல்ல பழக்கங்களும் இருக்கக்கூடும் என்பதால், பலன் முழுவதையும் நிறமியின் கணக்கில் எழுதிவிட முடியாது.

சாற்றையே கொடுத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. இடுப்புப் பருமன், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் பல ஒன்றாகக் கூடியிருந்த பெண்கள் சிலருக்கு நாள்தோறும் 480 மி.லி. வீதம் எட்டு வாரம் கலோரி குறைந்த கிரான்பெர்ரிச் சாறு கொடுத்தபோது, ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல். (ஆக்சிஜனோடு வினைபுரிந்து, இரத்தக் குழாய்க்குக் கூடுதல் கேடு செய்யும் வடிவம்) குறைந்தது; ஆனால் வழக்கமான கொழுப்புப் பரிசோதனை எண்கள் குறிப்பிடும்படி மாறவில்லை. அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகளோ, வகையையும் அளவையும் பொறுத்து, எல்.டி.எல்.-ஐ 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கக்கூடியவை.

உங்கள் அறிக்கையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ட்ரைகிளிசரைடு 200 என்பதுதான். கிரான்பெர்ரி இயல்பில் வாய் கூசும் புளிப்பு. குடிக்கத்தக்கதாக்க அதில் சர்க்கரையோ, ஆப்பிள் அல்லது திராட்சைச் சாறோ கலக்கிறார்கள். பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள்: 100 மி.லி.-க்கு 12 கிராம் சர்க்கரை என்றிருந்தால், 200 மி.லி. டம்ளர் ஒன்றிலேயே 24 கிராம் உள்ளே போகிறது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரை வேண்டாம் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் அறிவுரை. மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றிவிடும். ஆக, மருந்தென்று நினைத்துக் குடிப்பது நீங்கள் குறைக்க விரும்பும் அளவையே ஏற்றக்கூடும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வாசகமும் முழு ஆறுதல் தராது. பழத்தின் சொந்தச் சர்க்கரை அதில் இருக்கவே செய்யும்.

வீட்டில் பிழிந்தாலும் வடிகட்டியில் தங்கும் சக்கையைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது. ஆகவே பழமாகவே சாப்பிடுங்கள். விலையுயர்ந்த இறக்குமதிப் பழம் தேவையில்லை. ஆனி, ஆடியில் நாவல், மற்ற நாட்களில் கொய்யா போதும். கூடவே ஓட்ஸும் பயறு வகைகளும் சேர்ந்தால் எல்.டி.எல். இன்னும் சற்று இறங்கும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் எல்.டி.எல். உயர்வது இயல்பு என்றாலும், தைராய்டு குறைவாலும் உயரும், டி.எஸ்.எச். (தைராய்டு செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்திராவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கிரான்பெர்ரிச் சாற்றை மருத்துவரைக் கேட்காமல் மிகுதியாகக் குடிக்கக் கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினுடன் கவனிக்க வேண்டியது கிரேப்ஃப்ரூட் சாறு; பெயரைப் பார்த்துத் திராட்சை என்று எண்ணிவிடாதீர்கள், அது ஆரஞ்சு இனம்.

மாத்திரையைத் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி இரத்தம் பாருங்கள். வாங்கிய நான்கு பாட்டில்களை வீணாக்க மனம் வராதென்றால், அரை டம்ளருக்கும் குறைவாக எடுத்து, நிறையத் தண்ணீர் கலந்து, எப்போதாவது வீட்டார் எல்லோருமாகப் பகிர்ந்து குடித்துத் தீர்த்துவிடுங்கள். அடுத்த பாட்டில் வேண்டாம்.