நீளும் ஒலிக்குள் அசைவு

அன்புள்ள ஐயா,

வணக்கம். பல்லடத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் எடுக்கும் குறும்படங்களுக்கு வீட்டிலேயே பின்னணி இசை செய்து தருகிறேன். கணினியில் வைட்டல் என்ற சிந்தசைசர் மென்பொருளில் மூன்று ஆசிலேட்டரிலும் (அலையை உண்டாக்கும் பகுதி) சா வேவ் (ரம்பப்பல் வடிவ அலை) வைத்து, அட்டாக்கை (ஒலி எழும் நேரத்தை) 3 வினாடி ஆக்கி, ரிவெர்பை (எதிரொலிப்பை) நிறையச் சேர்த்து ஒரு பேட் ஒலி (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி) அமைத்தேன். அழகாகத்தான் எழுகிறது. எழுந்த பிறகு அப்படியே நின்றுவிடுகிறது; காட்சி நகர்கிறது, ஒலி நகர்வதில்லை. பழைய சிந்தசைசர்களில் கேட்கும் உயிர்ப்பு எப்படி வருகிறது என்று விளக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஒலியில் ஒரேயொரு என்வலப்தான் (நேரம் போகப்போக ஒலி மாறும் வடிவத்தை வகுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது. அதுவும் ஒலியளவை மட்டுமே ஆள்கிறது. அதில் அட்டாக், டிகே (உச்சியிலிருந்து இறங்கும் நேரம்), ரிலீஸ் (விரலை எடுத்தபின் அடங்கும் நேரம்) மூன்றும் கால அளவுகள். சஸ்டெய்ன் ஒரு மட்டம். கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை ஒலி அந்த மட்டத்திலேயே இருக்கும். சஸ்டெய்னை முழுதாக ஏற்றி வைத்தால் டிகேக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஆகவே 3 வினாடி ஏற்றம் முடிந்ததும் உங்கள் ஒலியில் நடப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ரிவெர்ப் இதைச் சரிசெய்யாது. தன்னிடம் வந்து சேர்வதைத்தான் அது நீட்டித் தரும்.

முதலில் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின்) நீளத்தைக் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் நான்கு தட்டுக் கார்டு 4 வினாடிதான் நிற்கும். அதில் 3 வினாடி ஏறுவதற்கே போய்விட்டால், ஒலியின் மேல் அதிர்வுகளை வெட்டும் ஃபில்டருக்கு 8 வினாடி டிகே வைத்து என்ன பயன்? அது முடிவதற்குள் அடுத்த கார்டு வந்துவிடும். ரிலீஸுக்கும் இதே கணக்குதான். சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகையில் இரண்டு சுரங்கள் பொதுவாக இருப்பதால் நீண்ட ரிலீஸ் உறுத்தாது. பொதுச் சுரமே இல்லாத கார்டுக்குப் போகும்போது அதே ரிலீஸ் எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

மூன்று ஆசிலேட்டருக்கும் ஒரே அலை வேண்டாம். சா வேவில் எல்லா ஹார்மானிக்குகளும் (அடிச் சுரத்தின் மடங்குகளாக வரும் மேல் அதிர்வுகள்) உண்டு; இரண்டாவது பாதி வலுவிலும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கிலுமாகக் குறைந்துகொண்டே செல்லும். முக்கோண வடிவ டிரையாங்கிள் வேவில் ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் மட்டுமே, அவற்றிலும் மூன்றாவதே ஒன்பதில் ஒரு பங்குதான். ஆகவே அடியில் நின்று சுருதியைத் தாங்க டிரையாங்கிள் போதும். அதற்கு அரை வினாடி அட்டாக் கொடுத்து, வேறெதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள். ஃபில்டர் திறந்து மூடும்போது வெட்டவும் விடவும் சரக்கு சா வேவில்தான் இருப்பதால், நடு லேயரில் (ஒலி அடுக்கில்) இரண்டு சா வேவ்களை 7 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்கி வையுங்கள்.

அந்த விலகல் என்ன செய்கிறது என்பதை உங்கள் பக்கத்து விசைத்தறிக் கூடமே சொல்லிவிடும். ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு தறிகளின் தட்டல் சற்று நேரம் சேர்ந்து கேட்டு, மெல்ல விலகி, மறுபடி சேர்வதைத் தெருவில் நின்றே கேட்கலாம். 440 ஹெர்ட்ஸில் 7 சென்ட் விலகிய இரண்டு அலைகள் வினாடிக்கு ஏறக்குறைய 1.8 முறை இப்படிச் சேர்ந்து பிரிகின்றன. இரண்டு ஆக்டேவ் கீழே, 110 ஹெர்ட்ஸில், இரண்டு வினாடிக்கு ஒருமுறைகூட இல்லை. கீழே அமைதியாக அசையும் அதே விலகல் மேலே படபடப்பாகக் கேட்பதற்கு இதுவே காரணம். மேல் சுரங்களுக்குப் போகப்போக விலகலைக் குறைக்க வேண்டும்.

இனி காலங்களைப் பிரிப்பதுதான் உண்மையான வேலை. வைட்டலில் முதல் என்வலப் ஒலியளவோடு பிணைந்தது. மற்றவற்றை இழுத்து எந்தக் குமிழின் மீதும் போடலாம். இரண்டாவது என்வலப்பை ஃபில்டர் கட்-ஆஃப் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் எல்லை) மீது போட்டு, கார்டு நீளத்தில் பாதியில் திறந்து, மீதியில் முக்கால்வாசி மூடும்படி வையுங்கள். மூன்றாவது என்வலப்பை ஓர் ஆக்டேவ் மேலே ஒலிக்கும் மெல்லிய பல்ஸ் வேவின் (செவ்வக வடிவ அலையின்) லெவல் மீது போட்டு, ஃபில்டர் மூடத் தொடங்கும்போது அது நுழையும்படி அமையுங்கள். ஒரு லேயர் தளரும்போது இன்னொன்று எழுவதால் காது அடுத்ததை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். இவற்றுக்கு மேல் இரண்டு எல்.எஃப்.ஓ.க்கள் (குமிழ்களைத் தாமாக மெல்ல அசைக்கும் மெது அலைகள்): ஒன்று 7 வினாடிக்கு ஒரு சுற்று, பல்ஸ் அகலத்துக்கு, மற்றொன்று 11 வினாடிக்கு ஒரு சுற்று, கட்-ஆஃபுக்கு. இவை இரண்டும் தொடங்கிய நிலைக்குத் திரும்ப 77 வினாடி ஆகும். ஒரு கட்டையை அழுத்திய ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்காமல் இவை தம்போக்கில் ஓட வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் மிகக் குறைவாக இருக்கட்டும். அசைவு தனியாகக் கேட்கக் கூடாது, அணைத்தால் இழப்பு தெரிய வேண்டும்.

பழைய கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1970களின் பிற்பகுதியில் வந்த யமஹா சிஎஸ்-80-இல் ஒவ்வொரு குரலுக்கும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும்) தனி ஃபில்டரும் தனி என்வலப்புகளும் கொண்ட இரண்டு முழு லேயர்கள் இருந்தன. 1987-இல் வந்த ரோலண்ட் டி-50, பதிவு செய்யப்பட்ட ஒரு குறுகிய தொடக்க ஒலியைச் சிந்தசைசர் அலையோடு ஒட்டியது. 1982-இன் ரோலண்ட் ஜூனோ-60-இலோ ஒரு குரலுக்கு ஓர் ஆசிலேட்டரும் ஓர் என்வலப்பும்தான். அதன் செழுமையில் பெரும்பங்கு கோரஸுடையது (ஒலியோடு அதன் சற்று விலகிய நகலைச் சேர்க்கும் விளைவு). எனவே கோரஸை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஸ்டீரியோவில் விரியும் கோரஸ், மோனோவில் (ஒரே தடத்தில்) சேரும்போது பெரிதும் சுருங்கிவிடக்கூடும். குறும்படங்களைப் பலரும் கைபேசியில் பார்ப்பதால் மோனோவில் ஒருமுறை கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

வசனம் வரும் இடங்களில் மட்டும் மேல் லேயரை முழுவதும் எடுத்துவிட்டு, ஃபில்டரைத் தாழ்த்தி, அடி டிரையாங்கிளை அப்படியே விடுங்கள். பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் பகுதியில்தான் அந்தப் பல்ஸ் வேவும் வந்து உட்காரும், அங்கே நடிகரின் குரலுக்குத்தான் முதலிடம்.