வெளிநாட்டுக்காரர் வீடு கேட்கிறார், விற்கலாமா?

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீடு ஒன்று சும்மா கிடக்கிறது. தன் அப்பாவின் சிகிச்சைக்காக வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு அடிக்கடி வரும் வங்கதேசத்துக்காரர் ஒருவர், "லாட்ஜுக்குக் கொட்டுகிற காசுக்கு வீட்டையே வாங்கிவிடுகிறேன், அட்வான்ஸ் தரட்டுமா?" என்கிறார். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்த அத்தை மகனோ குடியாத்தம் பக்கம் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பை, அதிலுள்ள வீட்டோடு கேட்கிறார். வெளிநாட்டுப் பணம் வந்தால் ஊருக்கு நல்லதுதானே, அரசு ஏன் தடுக்கிறது?

பதில்: முதலாமவரிடம் அட்வான்ஸே வாங்காதீர்கள். இந்திய வம்சாவளி அல்லாத, வெளிநாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே வீடோ மனையோ கிரயம் வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை, 5 வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் எடுக்கலாம். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, சீனா, நேபாளம் போன்ற சில நாட்டுக் குடிமக்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம்; இந்தியாவிலேயே தங்கியிருந்தாலும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அவர்கள் வாங்க முடியாது. மெடிக்கல் விசாவில் வந்து போகிறவருக்கு அந்த வழியும் கதைக்கு ஆகாது.

அடுத்து ஒரு புரோக்கர் வந்து, "பத்திரம் உள்ளூர் ஆள் பெயரில் இருக்கட்டும், பணம் அவர் கொடுக்கட்டும்" என்பார், சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அதற்குப் பெயர் பினாமி. வீடு பறிமுதலாகும், 1 முதல் 7 வருடம் வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம்.

சரி, ஊருக்கு நல்லதா என்ற கேள்வி. புதிதாக வீடு கட்டினால் கொத்தனாருக்கும் சிமென்ட் கடைக்கும் வேலை, அரசுக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே நிற்கிற வீட்டை விற்றால் பணம் ஒரே ஒரு தடவை உங்கள் கைக்கு வருகிறது, அதோடு சரி, வாங்கியவர் வருடத்தில் சில வாரம் வந்து தங்கிவிட்டு மற்ற நாளெல்லாம் பூட்டு. வெளிநாடு போனவர்கள் கட்டிப் பூட்டிவைத்த வீடுகளை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள், பால்காரர் அந்த வாசலில் நிற்பதில்லை, மளிகைக்கடைக்காரருக்கு அங்கே கணக்கு இல்லை. மனை விலை மட்டும் ஏறும், அதில் அடிபடுவது இங்கேயே சம்பளம் வாங்கி இங்கேயே வீடு தேடுகிற நர்ஸும் ஆசிரியரும்தான்.

இதை வேறு நாடுகள் செய்து பார்த்துவிட்டன. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வீடுகள் விற்காமல் கிடந்தபோது போர்ச்சுகல் 2012இலும் ஸ்பெயின் 2013இலும், இவ்வளவு பணத்துக்கு வீடு வாங்கினால் தங்கும் உரிமை என்று கதவைத் திறந்தன, ஸ்பெயினில் அந்தத் தொகை 5 லட்சம் யூரோ. உள்ளூர்க்காரர்களுக்கு வாடகையும் விலையும் கட்டுப்படியாகாமல் போய்ப் புகைச்சல் கிளம்பவே, போர்ச்சுகல் 2023இல் வீட்டு வழியை மூடியது, ஸ்பெயின் 2025 ஏப்ரலில் திட்டத்தையே முடித்தது. சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023லிருந்து 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி! விற்காத வீடு மலைபோல் குவிந்திருக்கும் ஊருக்கு இது மருந்தாகலாம், காட்பாடியில் அப்படி என்ன குவிந்து கிடக்கிறது?

வேலூருக்கு வெளியார் பணம் வராமல் இல்லை. சிஎம்சி எதிரே பாபு ராவ் தெருவில் நடந்து பாருங்கள், வங்காள எழுத்தில் போர்டுகள், சமைத்துச் சாப்பிட வசதியுள்ள ரூம்கள், மருந்துக்கடை, காய்கறி, மீன், ஆட்டோ என்று தினமும் காசு புரள்கிறது, ஒரு சென்ட் நிலம்கூடக் கைமாறாமல். என்னைக் கேட்டால் கிரயப் பணத்தைவிட இந்தப் பணம்தான் ஊருக்குள் அதிகம் சுற்றும்.

அத்தை மகன் விஷயம் வேறு. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் அவர் வீடு வாங்கலாம். அத்தை இங்கே பிறந்து கல்யாணமாகிப் போனவர் என்றால் அவருடைய பழைய இந்திய பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள், அட்டை வாங்க அதுதான் முக்கிய ஆதாரம். ஆனால் அட்டை இருந்தாலும் தோப்பு கிடையாது. விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் மூன்றும் ஓசிஐக்காரர் வாங்கக் கூடாது, அவருக்குத் தானமாக எழுதிக் கொடுக்கவும் வழியில்லை, வாரிசாக வந்தால் மட்டும் சரி.

அதனால் தோப்பை விட்டுவிட்டு காந்தி நகர் வீட்டை அவருக்குக் காட்டுங்களேன். பணம் வங்கி வழியாகவோ வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கென இந்திய வங்கிகளில் உள்ள என்ஆர்இ, என்ஆர்ஓ வகையில் அவருடைய கணக்கிலிருந்தோ வர வேண்டும், கையில் ரிங்கிட் நோட்டு வாங்க வேண்டாம். அந்த வங்கி ரசீதுகளை அவர் பத்திரப்படுத்தட்டும், பின்னால் விற்று மலேசியாவுக்குப் பணத்தைக் கொண்டுபோகும்போது கேட்பார்கள். நேரில் வர முடியாமல் பவர் கொடுத்தால் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், அந்தப் பவர் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும்.

அவர் வேண்டாம் என்றால் வங்கதேசத்துக்காரருக்கு வாடகைக்கே விடுங்கள், எழுத்தில் ஒப்பந்தம் போட்டு. அவர் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரத்தோடு, வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி படிவம், 2025லிருந்து படிவம் III) ஆன்லைனில் பதிய வேண்டும். லாட்ஜுக்கு மட்டும்தான் அது என்று நிறைய வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், உங்களுக்கும் உண்டு.